அம்மாவையும் தம்பியையும் பார்க்க வேலையை விட்டேன்: என் பெயரில் ஏதாவது வருமா?

வாசல்திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். முதல்முறையாக எழுதுகிறேன்.

வயது 43. திருமணம் ஆகவில்லை. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 11 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு (71) பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தம்பிக்கு 36 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 60 சதவீதம். அதுவரை அவனை அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் பார்க்க ஆள் வேண்டும் என்றபோது வீட்டில் எல்லோருடைய பார்வையும் என் பக்கம்தான் திரும்பியது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் திருச்சிக்கு வந்துவிட்டேன்.

அப்பா அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், 2016ல் தவறிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தம்பிக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் மருந்து, டயப்பர், பிஸியோ, அரிசி பருப்பு எல்லாம் போய் மாதக் கடைசியில் என் சேமிப்பில் கை வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சேமிப்பும் கரைகிறது.

பெங்களூரில் இருக்கும் அண்ணன், "அப்பா பென்ஷன்தான் வருதே" என்கிறார். சரி, வருகிறது. என் கேள்வி வேறு. காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை இந்த வேலையைச் செய்கிற ஆளுக்கென்று, என் பெயருக்கென்று, அரசில் ஏதாவது இருக்கிறதா? நாளைக்கு அம்மா இல்லையென்றால் தம்பியின் கதி என்ன, என் கதி என்ன?

மல்லிகைப்பந்தல்

அக்கா, நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். "பார்த்துக்கொள்கிறவருக்கு மாதச் சம்பளம்" என்று நாடு முழுக்கப் பொருந்துகிற திட்டம் இந்தியாவில் இல்லை. என் மகனுக்கு மூளை முடக்குவாதம், வயது 14. இந்த 14 வருடத்தில் நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லாம் அவன் பெயரில்தான் வரும். நாம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர்கள், அவ்வளவுதான்.

சட்டத்தில் மட்டும் நமக்குப் பெயர் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். "பராமரிப்பாளர்" யார் என்று இரண்டாம் பிரிவிலேயே இருக்கிறது: பெற்றோர், குடும்பத்தினர் உட்பட, ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனித்துக்கொள்கிற எவரும். 24ஆம் பிரிவில், அதிக உதவி தேவைப்படுகிற மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டங்களை அரசுகள் தங்கள் பொருளாதார வசதிக்கு உட்பட்டு வகுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் அந்தந்த அரசின் கையில்.

தமிழ்நாட்டில் உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் தருகிற திட்டம் ஒன்று இருக்கிறது. பராமரிப்புத் தொகை வாங்குகிற எல்லோருக்கும் அது கிடையாது, அதிக உதவி தேவை என்று மாவட்டத்தில் மதிப்பீடு ஆக வேண்டும். தம்பிக்கு மனு போட்டுப் பாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் அந்த நகலைக் காட்டலாம்.

பாலக்காட்டு மருமகள்

கேரளத்தில் 'ஆசுவாசகிரணம்' என்று ஒன்று உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரை, முழுநேரத் துணை தேவைப்படுபவரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு மாதம் 600 ரூபாய். தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் பணம் பார்த்துக்கொள்கிறவருக்கு என்றே ஒதுக்கியது. என் மாமியார் அந்த 600ஐ வாங்கியபோது அவர் முகத்தில் இருந்த கம்பீரத்தை நான் மறக்க மாட்டேன். மாமனாரைப் பத்து வருடம் புரட்டிப் போட்டு, துடைத்து எடுத்தவருக்கு அதுவே முதல் வருமானம்.

நேர்பேச்சு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெற்ற தாயைப் பார்ப்பதற்கு அரசிடம் காசு கேட்பது எனக்கு நெருடலாக இருக்கிறது. என் பாட்டியை என் அம்மா பார்த்தார். ஒரு பைசா யாரும் தரவில்லை. எல்லாவற்றுக்கும் விலை போட்டால் குடும்பம் என்ன ஆவது?

மல்லிகைப்பந்தல்

உங்கள் அம்மா பார்த்தார். நீங்கள் பார்க்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிலந்திவலை

சண்டை வேண்டாம், ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் ஒருவரைக் கவனிக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். இதில் குழந்தை வளர்ப்பும் சேர்ந்ததுதான். செய்கிறவர்கள் செலவிடும் நேரமும் பெண்களுக்கு நாளைக்கு 140 நிமிடம், ஆண்களுக்கு 74 நிமிடம். நேர்பேச்சு ஐயா சொல்லும் "குடும்பம்" யார் தலையில் நிற்கிறது என்பது அதிலேயே தெரிகிறது.

தேம்ஸ்கரை

இங்கே லண்டனில் நிலைமை சொர்க்கம் என்று யாராவது நினைத்தால், அதுவும் இல்லை. பராமரிப்பாளருக்கென்று நேரடியாக ஒரு படி உண்டு, உண்மை. 2025-26க்கு வாரம் 83.30 பவுண்டு. வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்ள வேண்டும். கவனிக்கப்படுபவர் குறிப்பிட்ட ஊனமுற்றோர் படி ஒன்றைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். 35ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு இரண்டரைப் பவுண்டு கூட வராது. நான் அப்பாவுக்காக வாங்குகிறேன்.

பெரிய வலை எங்கே என்றால், பக்கத்தில் செய்கிற வேலையில். 2025 ஏப்ரலில் வருமான வரம்பை வாரம் 151லிருந்து 196 பவுண்டாக உயர்த்தினார்கள். வரி முதலியவை கழித்து அந்த வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்துப் படி முழுவதும் போய்விடும், கொஞ்சமாகக் குறைக்க மாட்டார்கள். தெரியாமல் ஒன்றிரண்டு பவுண்டு கூடுதலாகச் சம்பாதித்தவர்கள் வருடக்கணக்கில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வந்து, ஆயிரக்கணக்கில் கடனாளி ஆனார்கள். பத்திரிகைகளில் பெரிய விவகாரமாக வந்தது.

ஆனால் ஒன்று. இந்தப் படி வாங்கினால் அரசு ஓய்வூதியத்துக்கான காப்பீட்டு வரவு தானாக ஏறும். பார்த்துக்கொண்ட வருடங்கள் முதுமையில் ஓட்டையாக நிற்காது. படியை விட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

நேர்பேச்சுக்கு ஒரு வரலாறு. இந்தப் படி 1976ல் வந்தபோது திருமணமான பெண்களுக்குக் கிடையாது என்று வைத்திருந்தார்கள். "அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள்" என்ற எண்ணம். ஜாக்குலின் டிரேக் என்பவர் தன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986ல் அதை உடைத்தார். பெற்ற தாயைப் பார்த்ததற்குத்தான் கேட்டார்.

பழைய பேரேடு

இழையைத் தொடங்கிய சகோதரிக்கு. நான் மத்திய அரசுக் கணக்குத் துறையில் ஓய்வூதியப் பிரிவில் 30 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பெரிய சொத்து அம்மாவின் அந்தப் பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) புத்தகம்தான். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லையே என்று பார்த்தேன்.

உங்கள் தந்தை மத்திய அரசு ஊழியர். அவருடைய குடும்ப ஓய்வூதியம் அம்மாவோடு முடிவதில்லை. சம்பாதிக்க முடியாத அளவுக்கு உடல் அல்லது அறிவுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, வயது வரம்பின்றி, ஆயுள் முழுக்கத் தொடரும். பிள்ளைக்கு வேறு வருமானம் இருந்தால், அது அவருக்குக் கிடைக்கக்கூடிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தை, அதாவது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையை, எட்டக் கூடாது. 2021ல் இப்படித் தளர்த்தினார்கள். அதற்கு முன் 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும் என்ற வரம்பு. அதில் பலர் வெளியே போனார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அம்மா உயிரோடு இருக்கும்போதே, அவருடைய விண்ணப்பத்தின் பேரில், தம்பியின் பெயரைப் பி.பி.ஓ.வில் சேர்க்க வேண்டும். தந்தை கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். மருத்துவச் சான்று, ஆதார், பிறப்புச் சான்று, புகைப்படம். பெயர் ஏறிவிட்டால் பின்னால் ஒரு இறப்புச் சான்றும் ஒரு விண்ணப்பமும் போதும். ஏறாவிட்டால், அம்மா போன பிறகு நீங்கள் தம்பியை அழைத்துக்கொண்டு, "இவர் இன்னாரின் மகன்தான், இந்தக் குறைபாடு முன்பே இருந்தது" என்று ஒவ்வொரு மேசையிலும் நிரூபிக்க வேண்டும். என் மேசைக்கு எதிரே அப்படி நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல வீடுகளில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் பணமே இல்லாமல் ஓடியிருக்கிறது.

ஆற்றுமணல்

ஐயா, அறிவுசார் குறைபாடு என்றால் கோர்ட்டில் போய் கார்டியன் ஆர்டர் வாங்க வேண்டுமாமே? எங்கள் உறவினருக்கு அப்படித்தான் சொல்லி இரண்டு வருடம் இழுத்தார்கள்.

பழைய பேரேடு

தேவையில்லை. ஓய்வூதியர் அல்லது அவருடைய துணைவர் காப்பாளராக ஒருவரை எழுத்தில் நியமித்திருந்தால், நீதிமன்றச் சான்று கேட்டு நிறுத்தக் கூடாது என்பதுதான் விதி. அதனால்தான் அம்மா இருக்கும்போதே என்கிறேன். அதே விண்ணப்பத்தோடு, "என் மகனுக்குக் காப்பாளர் என் மகள்" என்று அம்மா நியமனமும் கொடுக்கட்டும்.

அது இல்லாவிட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்கும் பொருந்தும். கலெக்டர் தலைமையில் உள்ளூர் நிலைக் குழு ஒன்று இருக்கும். சட்டப்படியான காப்பாளரை அந்தக் குழுவே நியமிக்கும், வக்கீல் வேண்டாம். அந்தச் சான்றையும் ஓய்வூதியத்துக்கு ஏற்பார்கள். வங்கிக் கணக்கு, சொத்து விவகாரம் எல்லாவற்றுக்கும் பின்னால் தேவைப்படும் என்பதால் இதையும் வாங்கி வைப்பது நல்லது.

காப்பாளர் என்றால் பொறுப்பும் சேர்ந்தே வரும். நியமனமான 6 மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்தவர், உங்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

வாசல்திண்ணை

ஐயா, இதை மூன்று தடவை படித்தேன். இரண்டு வருடமாக அந்தப் புத்தகம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில்தான் இருக்கிறது. திறந்துகூடப் பார்த்ததில்லை. இன்று எடுத்தேன். தம்பி பெயர் இல்லை.

தயக்கத்தோடு ஒன்று கேட்கிறேன். எனக்கு வருமா? மணமாகாத மகளுக்கும் உண்டு என்று அத்தை சொல்கிறார்.

பழைய பேரேடு

உண்டு, ஆனால் பிள்ளைகளின் வரிசையில் கடைசி. 25 வயதைக் கடந்த மணமாகாத மகள், விதவை மகள், விவாகரத்தான மகள் ஆகியோருக்கு, 25க்குக் கீழான பிள்ளைகளும் குறைபாடு உள்ள பிள்ளையும் இல்லாத நிலையில்தான் போகும். தம்பி இருக்கும்வரை ஓய்வூதியம் தம்பிக்கே. நீங்கள் காப்பாளராக அதைக் கையாளலாம், உங்கள் பணமாக ஆகாது. அவருக்குப் பிறகு நீங்கள் கேட்கலாம். அப்போதும் பெற்றோர் இருந்த காலத்தில் நீங்கள் அவர்களைச் சார்ந்திருந்தீர்கள் என்பதும், உங்கள் சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும் சேர்ந்ததற்குள் இருப்பதும் பார்க்கப்படும்.

இதை எழுதுவது எனக்கே கசப்பாக இருக்கிறது. ஆனால் நீங்கள் நேராகக் கேட்டீர்கள்.

வரிமேசை

வாசல்திண்ணை அம்மா, உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு கேள்வி. தம்பியின் சான்றிதழ் நகலை எப்போதாவது கேட்டு வாங்கினாரா?

வாசல்திண்ணை

ஆமாம், போன ஜனவரியில் வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார். ஆபீஸில் கேட்கிறார்கள் என்றார். ஏன் கேட்கிறீர்கள்?

வரிமேசை

ஜனவரியில் ஆபீஸ் கேட்கிறது என்றால் பெரும்பாலும் வரிக் கழிவுக்கான ஆதாரம்தான். வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு. தன்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளிக்குச் செலவு செய்கிறவருக்கு வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு. குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. எவ்வளவு செலவு செய்தார் என்று கணக்குப் பார்ப்பதில்லை, நிலையான தொகை. 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 75,000க்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 23,400 ரூபாய் மிச்சம். துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லோரும் இதில் வருவார்கள்.

ஆனால் அந்த ஆள் முழுமையாகவோ பெரும்பாலுமோ தன்னைச் சார்ந்திருக்க வேண்டும். சல்லிக்காசு அனுப்பாமல் தம்பி பெயரில் கழிவு கேட்டால் அது தவறான கோரிக்கை. இன்னொன்று, இதெல்லாம் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். புதிய முறையில் 80டிடி, 80டி எதுவும் கிடையாது. அவர் எந்த முறையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, பழி போடவும் விரும்பவில்லை. கேட்டுப் பாருங்கள்.

மல்லிகைப்பந்தல்

அடேங்கப்பா. பார்க்கிறது தங்கச்சி, கழிவு அண்ணனுக்கா?

வரிமேசை

வரிச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. வருமானம் இருப்பவருக்குத்தான் கழிவு உதவும். வேலையை விட்டவருக்கு வரியே இல்லை, அப்புறம் எதில் கழிப்பது? நம் நாட்டில் "பராமரிப்புச் சலுகை" என்று பட்டியல் போடுகிறவர்கள் முதலில் சொல்வது 80டிடி. அது பணம் கொடுக்கிறவருக்கான சலுகை. உடம்பால் உழைக்கிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

ஆனால் இதையே உங்கள் பக்கம் திருப்பலாம். அண்ணனிடம் சண்டையாகப் போகாதீர்கள், கணக்காகப் போங்கள். அவர் பழைய முறையில் இருந்தால், தம்பியின் பெரும்பகுதிச் செலவை உண்மையிலேயே ஏற்று மாதாமாதம் வங்கி வழியாக அனுப்பட்டும், அப்போது கழிவு நியாயமாகும். அம்மாவுக்குத் தனியாக ஓய்வூதியம் இருப்பதால் அவருக்கு 80டிடி கேட்பது நிற்காது. அதற்கு 80டி இருக்கிறது. மருத்துவக் காப்பீடு இல்லாத 60 வயது கடந்த பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவுக்கு 50,000 ரூபாய் வரை. அங்கே பெற்றோர் தன்னைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பிஸியோ, மருந்து பில்களை அண்ணன் தன் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டட்டும்.

அவர் உங்களுக்கென்று அனுப்பும் பணத்துக்கு உங்களுக்கு வரி கிடையாது. உடன்பிறந்தவர் தருவது எவ்வளவானாலும் உறவினர் அன்பளிப்பு.

பின்குறிப்பு: 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. எல்லோருக்கும் புரிவதற்காகப் பழைய எண்களில் எழுதியிருக்கிறேன்.

நேர்பேச்சு

நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. என் தந்தையை அவள்தான் பார்க்கிறாள் என்பதை இங்கே எழுதாமல் விட்டது என் தவறு. சரி. ஒரு உருப்படியான தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன். 70 வயது தாண்டிய எவருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை உண்டு. 2024 அக்டோபர் 29ல் தொடங்கியது. வருடத்துக்கு 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை. அந்த அம்மாவுக்கு 71. ஆதார் மட்டும் இருந்தால் போதும்.

மல்லிகைப்பந்தல்

நல்லது அண்ணா. மதினியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அக்கா, தம்பிக்கு 'நிராமயா' போட்டீர்களா? தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு 1 லட்சம் வரை. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் 250. முன்கூட்டியே உடல் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் கிடையாது. வெளிநோயாளிச் செலவு, தெரபி எல்லாம் உள் வரம்புகளோடு வரும். கட்டிவிட்டு பில் அனுப்பித் திரும்ப வாங்குகிற முறை, அதனால் ஒரு பில்லையும் தொலைக்காதீர்கள். நான் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன். வருடா வருடம் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள், ஒரு முறை நான் மறந்து அந்த வருடம் முழுக்கக் கைக்காசு.

ரயிலில் போனால், துணையின்றிப் பயணிக்க முடியாதவருக்கு உள்ள கட்டணச் சலுகை கூடப் போகிற ஒருவருக்கும் உண்டு. இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதம். பார்த்துக்கொள்கிறவள் என்று எனக்கு இந்த 14 வருடத்தில் கிடைத்த ஒரே சலுகை அதுதான் என்று நினைக்கிறேன்!

அப்புறம், மகளிர் உரிமைத் தொகை. 2023ல் தொடங்கியபோது, வீட்டில் யாராவது முதியோர் ஓய்வூதியம் போல வாங்கினால் கிடைக்காது என்று இருந்தது. ஆனால் மாற்றுத்திறனாளியின் பராமரிப்புத் தொகை அதற்குத் தடையில்லை. மற்றத் தகுதிகள் இருந்தால் போதும். என்னை முதலில் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள், மேல்முறையீட்டில் கிடைத்தது. உங்கள் வீட்டில் மத்திய அரசு ஓய்வூதியம் இருப்பதால் உங்களுக்கு எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, இதைப் படிக்கிற மற்ற அம்மாக்களுக்காக எழுதினேன்.

சிலந்திவலை

வேலையில் இருந்துகொண்டே பார்ப்பவர்களுக்கு இரண்டு வரி. மத்திய அரசு ஊழியரான தாய்க்கு (தனித்து வளர்க்கும் தந்தைக்கும்) குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள். சாதாரணமாகக் குழந்தைக்கு 18 வயது வரைதான், 40 சதவீதக் குறைபாடு இருந்தால் வயது வரம்பே இல்லை. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்கிற மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கும் உண்டு. பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பெற்றோர், துணைவர், உடன்பிறந்தோரும் அதில் வருவார்கள்.

தனியாரில் இருப்பவர்களுக்கு? நிறுவனத்தின் மனசு.

வாசல்திண்ணை

தனியாரில் இருந்தவள் என்பதால் கேட்கிறேன். பி.எஃப். கணக்கு அப்படியே கிடக்கிறது. எல்லாவற்றையும் எடுத்து ஒரு வருடம் ஓட்டலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய பேரேடு

பொறுங்கள்! 11 வருடம் என்றீர்களே. அதில் இரண்டு பானை இருக்கிறது. ஒன்று பி.எஃப். சேமிப்பு, இன்னொன்று ஓய்வூதியத் திட்டம். 10 வருடச் சேவை தாண்டிவிட்டதால் ஓய்வூதியப் பகுதியைப் பணமாக எடுக்க முடியாது, அது உங்களுக்கு நல்லதுதான். படிவம் 10சி கொடுத்துத் திட்டச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். 58 வயதில் மாத ஓய்வூதியம் வரும். 50லிருந்தே கேட்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். தொகை சின்னதுதான். ஆனால் இந்த இழையில் இதுவரை பேசியதில் உங்கள் பெயரில், உங்கள் உழைப்புக்கு வருவது அது ஒன்றுதான். சேமிப்புப் பானையையும் முடிந்தவரை தொடாதீர்கள். அம்மாவின் மருந்துக்கு முதலில் உடன்பிறந்தவர்கள் கை நீட்டட்டும்.

ஆற்றுமணல்

அண்ணன் ஒத்துவராவிட்டால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அம்மா வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 வரை உத்தரவிட முடியும். கேட்க வேண்டியது அம்மா, அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுக்கிறவர். அம்மா தன் மகன் மேல் மனு போடுவாரா என்பது வேறு கதை. எங்கள் வீட்டில் அம்மா, "அவனை ஒன்றும் சொல்லாதே" என்று படுக்கையில் இருந்துகொண்டே என் வாயை மூடிவிட்டார்.

வீடு யார் பெயரில்? அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வாசல்திண்ணை

அம்மா பெயரில். அப்பா கட்டி அம்மா பெயரில் பதிந்தது.

ஆற்றுமணல்

அப்படியென்றால் அம்மா எழுதி வைக்காமல் போனால் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. அண்ணன் பங்கு பிரிக்கக் கேட்டால் நீங்களும் தம்பியும் நடுத்தெரு. அம்மாவுக்குப் பேச்சு குழறினாலும் நினைவு தெளிவாக இருந்தால் உயில் எழுதலாம். இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயம் இல்லை, செய்வது நல்லது. படுக்கையில் இருப்பவருக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி உண்டு. பக்கவாதம் என்பதால் அன்றைய தேதியில் "சுயநினைவோடு இருக்கிறார்" என்று மருத்துவர் சான்று ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை முழுக்க உங்களுக்குக் கொடு என்று கேட்கக் கூச்சமாக இருந்தால், பங்கு மூவருக்கும் இருக்கட்டும், தம்பியும் நீங்களும் ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையாவது எழுதச் சொல்லுங்கள்.

நான் கூச்சப்பட்டேன். இப்போது வாடகை வீட்டில் இருக்கிறேன்.

வாசல்திண்ணை (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நிலவரம் சொல்ல வந்தேன்.

அண்ணனிடம் வரிமேசை ஐயா சொன்னபடி கணக்காகவே பேசினேன். ஒரு மாதச் செலவை ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். என் உழைப்புக்கு என்று ஒரு வரி போட்டு, அதற்கு எதிரே தொகை எழுதாமல் விட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் அவர் கழிவு கேட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். "எல்லோரும் போடுகிறார்கள் என்று போட்டேன்" என்றார். இந்த மாதத்திலிருந்து பிஸியோ கட்டணமும் மருந்தும் அவர் கணக்கிலிருந்து போகிறது. தம்பிக்கென்று தனியாக ஒரு தொகை வருகிறது. அந்த வெற்று வரியைப் பற்றி அண்ணி கேட்டாராம். அண்ணன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பி.பி.ஓ. விண்ணப்பம் போய்விட்டது. தம்பியின் மருத்துவச் சான்று பழையது என்று ஒரு முறை திரும்பி வந்தது, புதிது வாங்கிக் கொடுத்தேன். உள்ளூர் நிலைக் குழுவுக்கும் மனு கொடுத்தாயிற்று. நிராமயா போட்டாயிற்று. உதவியாளர் தொகைக்கு மதிப்பீட்டுக்கு அழைப்பார்கள் என்றார்கள், இன்னும் அழைக்கவில்லை. முத்திரை போட்ட நகல் கையில் இருக்கிறது. உயில் பேச்சை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது.

இன்னொரு சந்தேகம். நவம்பரில் அம்மாவின் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். போன வருடம் ஆட்டோவில் தூக்கி உட்கார வைத்து வங்கிக்குக் கொண்டு போனேன், அன்று முழுக்க அவருக்குக் காய்ச்சல். வேறு வழி இருக்கிறதா?

பழைய பேரேடு

தூக்கவே வேண்டாம். தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அஞ்சலக வங்கியின் சேவை, 70 ரூபாய் கட்டணம். விரல் ரேகை பதியவில்லை என்றால் முகத்தைப் படம் பிடித்து முடித்துவிடுவார். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1லிருந்தே கொடுக்கலாம், அம்மாவுக்கு நவம்பர்தான். ஆதாரும் பி.பி.ஓ. எண்ணும் எடுத்து வையுங்கள்.

வாசல்திண்ணை

தபால்காரரா? அம்மாவிடம் சொன்னேன் ஐயா. வலது கை தூக்க முடியாதவர், இடது கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "அப்பா ஆபீஸ் ஆள் வர்றாங்கன்னா வீட்டைக் கூட்டி வை" என்கிறார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.